பகலில் எரியும் விளக்கு

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, ஏழு மணிக்குச் சற்று முன், சென்னை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் கடற்கரையை நோக்கி ஸ்கூட்டரில் சென்றுகொண்டிருந்தேன். மயிலாப்பூருக்குள் நுழைய வலப்புறம் திரும்ப வேண்டும். எதிரே கதிரவன். மார்ச் இறுதியில் அது நேர் கிழக்கில் எழும். இந்தச் சாலையும் ஏறக்குறையக் கிழக்கு மேற்காகவே செல்கிறது. எதிரில் வண்டி எதுவும் தெரியவில்லை. கைப்பிடியைத் திருகப்போன நேரத்தில் கூசிய வெளிச்சத்தின் நடுவே ஒரு சிறு விளக்கு தெரிந்தது. நின்றுவிட்டேன். மறுநொடியே கறுப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று என்னைக் கடந்து சென்றது. அதில் தந்தையும், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியும் இருந்தனர்.

பட்டப்பகலில் எரிந்த அந்த விளக்கை நான் பார்த்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2017-ஆம் ஆண்டில் புது இருசக்கர வண்டிகள் பகலிலும் விளக்கெரியச் சாலைக்கு வந்தபோது நம் மக்கள் என்ன செய்தார்கள் என்பது நினைவிருக்கிறதா? எதிரில் வருபவர்கள் எல்லாம் விரல்களை விரித்து மடக்கி, "லைட் எரியுது சார்!" என்று அன்போடு எச்சரித்தார்கள். இரவில் பாதையைப் பார்ப்பதற்கே விளக்கு என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்டோம். விளக்குக்கு இரு வேலைகள் உண்டு. ஒன்று, நாம் பார்ப்பது. மற்றொன்று, பிறர் நம்மைப் பார்ப்பது. வண்டி விளக்கின் வரலாறு இந்த இரண்டுக்கும் இடையே நடந்த இழுபறியின் வரலாறுதான்.

கார்பைடு கல்லில் பிறந்த ஒளி

சென்னை மவுண்ட் சாலையில் குதிரை வண்டிகள் கட்டிப் புகழ்பெற்ற சிம்ப்சன் நிறுவனம் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டியது. அக்காலத்து மோட்டார் வண்டிகளின் முகப்பில் எண்ணெய் விளக்குகளோ அசிட்டிலீன் விளக்குகளோ இருந்தன. மாம்பழத்தைச் செயற்கையாகப் பழுக்கவைக்கப் பயன்படுத்தி வம்பில் மாட்டிக்கொள்கிறார்களே, அதே கால்சியம் கார்பைடு கல்தான் அசிட்டிலீன் விளக்கின் உயிர். கல்லின்மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். அசிட்டிலீன் வாயு பிறக்கும். அது வெண்மையாகச் சுடர்விட்டு எரியும். சுடருக்குப் பின்னால் குழியாடி ஒன்று ஒளியைத் திரட்டி முன்னே அனுப்பும். இரவுப் பயணம் முடிந்ததும் உள்ளே தங்கும் சுண்ணாம்புச் சேற்றைக் கழுவிவிட வேண்டும்.

1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார், சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின் அமைப்புடன் வந்தது. எஞ்சினைக் கிளப்பவும் விளக்கெரிக்கவும் மின்சாரமே பயன்பட்டது. டைனமோவும் மின்கலமும் இருந்துவிட்டால் விளக்கு ஒரு பொத்தானில் அடங்கிவிடும். 1961-இல் சென்னைப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். ஆலை தொடங்கப்பட்டபின், வண்டிகளுக்கான மின்கருவிகள் நம் ஊரிலேயே உருவாயின.

மின்விளக்கு வந்ததும் கண்கூச்சமும் கூடவே வந்தது. அதற்கு ஒரு நல்ல தீர்வை 1920-களில் கண்டார்கள். ஒரே பல்பில் இரு மின்னிழைகளை அமைத்தார்கள். பரவளையக் குழியாடியின் குவியத்தில் இருக்கும் இழை எரிந்தால் ஒளி இணைகதிர்களாகத் தொலைவுக்குச் செல்லும். நாம் 'பிரைட்' என்பது இதுவே. மற்றோர் இழை குவியத்திற்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் அடியில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. கிண்ணம் மறைப்பதால் ஒளி ஆடியின் மேற்பாதியில் மட்டுமே பட்டு, கீழ்நோக்கித் திரும்பும். இதுதான் 'டிம்'. இதில் இழையின் இடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒளியின் திசை மாறிவிடும். இந்தக் குறிப்பை மறவாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இருளும் வெள்ளை வளையமும்

1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கித் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. கடலோர நகரின் விளக்குகள் பகைவனுக்கும் வழிகாட்டும் என்பதை நம் ஊர் அன்று கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் இருட்டடிப்பு ஓர் அன்றாட ஒழுங்காகவே ஆகிவிட்டது. 1965, 1971 போர்களின்போதும் இந்திய நகரங்கள் பலவற்றில் வண்டி விளக்கின் மேற்பாதிக்குக் கறுப்புப் பூசினார்கள்.

இருட்டடிப்புக்குக் கொடுத்த விலை என்ன? பிரிட்டனின் கணக்கைப் பாருங்கள். 1938-இல் அங்கே சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 6,648 பேர். 1941-இல் இறந்தவர்கள் 9,169 பேர். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, சாலையில் வண்டிகள் குறைந்திருந்த காலம் அது! ஓட்டுநருக்குப் பாதை தெரியவில்லை. நடப்பவருக்கு வண்டி தெரியவில்லை. உடனே நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வண்டிகளின் விளிம்புகளுக்கும் வெள்ளை அடித்தார்கள். பார்ப்பதற்கு ஒளி இல்லாத நேரத்தில் பார்க்கப்படுவதற்காவது வழி செய்தார்கள். நம் நெடுஞ்சாலைப் புளியமரங்களின் இடுப்பில் உள்ள வெள்ளை வளையம் செய்வதும் இதே வேலைதான்.

முகப்பு விளக்கின் நடுவே கரும்பொட்டு ஒட்டும் பழக்கமும் நம் சென்னைக்குத் தெரிந்ததே. போக்குவரத்துக் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி ஒட்டுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் பயன் என்ன? ஆய்வுக்கூடத்தில் குவிலென்சின் நடுவில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிப் பாருங்கள். திரையில் பிம்பம் பாதியாகாது; முழுமையாகவே இருக்கும், வெளிச்சம் மட்டும் குறையும். பொட்டும் அப்படித்தான். பல்பிலிருந்து நேரே வரும் ஒளியில் கொஞ்சத்தை அது மறைக்கும். ஒளிக்கற்றையின் திசையைத் திருத்தாது. தவறாகச் சாய்ந்த விளக்குக்குப் பொட்டு மருந்தாகாது.

வடநாடுகள் காட்டிய வழி

பகலில் விளக்கெரிக்கும் எண்ணத்தைச் சட்டமாக்கியவை ஐரோப்பாவின் வடகோடி நாடுகள். அங்கே குளிர்காலத்தில் நண்பகலிலும் கதிரவன் அடிவானத்தை விட்டு அதிகம் எழாது. பின்லாந்து 1972-இல் ஊர்ப்புறச் சாலைகளில் குளிர்காலத்துக்கு மட்டும் இதைக் கட்டாயமாக்கியது. ஸ்வீடன் 1977-இல் ஆண்டு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. அங்கே இதற்குத் தனியாக ஒரு விளக்கே தோன்றிற்று. 21 வாட் பல்புதான். பாதையைக் காட்ட அது போதாது, ஆனால் 'இதோ வருகிறேன்' என்று அறிவிக்கப் போதும். கனடா 1989 டிசம்பருக்குப் பின் செய்யப்பட்ட வண்டிகளுக்கெல்லாம் இதை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி 7 முதல் புதுவகைக் கார்களுக்கு விதித்தது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. ஆஸ்திரியா 2005-இல் கட்டாயமாக்கி, 2008 தொடக்கத்தில் விலக்கிக்கொண்டது. கார்களெல்லாம் விளக்கெரித்தால், அவற்றினிடையே மோட்டார் சைக்கிளும் நடந்துசெல்பவரும் கண்ணில் படாமல் போகலாம் என்ற அச்சம் அங்கே எழுந்தது. இது நியாயமான அச்சமே. அதனால்தான் இருசக்கர வண்டிகள் மிகுந்த நாடுகள் முதலில் அவற்றுக்கே பகல் விளக்கைக் கொடுத்தன. மலேசியா 1992-இல் அதைச் செய்தது. இந்தியாவில், உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழுவின் பரிந்துரைக்குப் பின், 2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வண்டிகளின் விளக்கு எஞ்சினோடு சேர்ந்தே எரியலாயிற்று. அன்று என்னைக் காப்பாற்றியது இந்த விதிதான்.

வெயிலில் எப்படித் தெரிகிறது?

'சென்னை வெயிலில் விளக்கு எதற்கு? ஸ்வீடனுக்குத்தானே தேவை?' என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் 87-ஆவது விதி, பகல் விளக்கின் ஒளிச்செறிவு 400 முதல் 1,200 கேண்டெலாவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 400 கேண்டெலா விளக்கு ஒன்று 40 சதுர செ.மீ. பரப்பு கொண்டது என்று கொள்வோம். அப்படியானால் அதன் ஒளிர்வு சதுர மீட்டருக்கு ஒரு லட்சம் கேண்டெலா. காலை வானத்தின் ஒளிர்வு சில ஆயிரம்தான். கதிரவனுக்கு முதுகு காட்டி வரும் கறுப்பு வண்டியின் நிழல் படிந்த முகப்பு சில நூறு. ஆகவே கூசும் வானத்தின் முன்னால் வண்டி வெறும் நிழலாகக் கரையும்போதும் விளக்கு தனியாகத் தெரியும்.

இன்னோர் இடத்தையும் பாருங்கள். அடையாற்றிலிருந்து கிண்டிக்குச் சர்தார் பட்டேல் சாலையில் செல்லுங்கள். கொளுத்தும் வெயிலிலிருந்து கிண்டிக் காட்டின் மரநிழலுக்குள் நுழைந்ததும் சில கணங்களுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. கண் புது வெளிச்சத்துக்குப் பழகச் சற்று நேரம் வேண்டும். அந்தச் சில கணங்களில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். நிழலில் எதிரே வரும் வண்டியில் விளக்கிருந்தால் அது உடனே கண்ணில் படும். வெயில் மிகுந்த நாட்டில்தான் நிழலும் ஆழமாக இருக்கிறது.

அதே விளக்கு இரவில் என்ன செய்யும்? 50 மீட்டர் தொலைவில் அது கண்ணின்மேல் வீழ்த்தும் ஒளி 400-ஐ 50-இன் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும்: 0.16 லக்ஸ். முழுநிலவின் வெளிச்சத்தில் பாதிக்கும் சற்று மேல்! இருளில் அது ஒரே புள்ளியிலிருந்து வந்தால் கண் கூசத்தான் செய்யும். எனவேதான் முகப்பு விளக்கு எரிந்ததும் பகல் விளக்கு தானே அணைய வேண்டும் அல்லது மங்க வேண்டும்.

நான் செய்த பிழை

நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கிய மூன்று அறிஞர்களுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு சேர்ந்தால் வெள்ளொளி வரும். 2004-இல் ஆடி நிறுவனம் தன் கார் ஒன்றில் வெள்ளை எல்.இ.டி. பகல் விளக்குகளைப் பொருத்தியது. இரண்டு 21 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் எடுக்கும்; தலா 6 வாட் எல்.இ.டி. இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஆம்பியர் போதும். கார்களின் முகத்தில் வெண்ணிறப் புருவங்கள் தோன்றின. பார்த்தவர்கள் ஆசைப்பட்டார்கள். பழைய கார்களிலும் 'டி.ஆர்.எல்.' மாட்டும் வேலை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முதல் தியாகராய நகர்ச் சந்து வரை பரவிற்று.

அந்த ஆசை என்னையும் விடவில்லை. ஸ்கூட்டரின் பழைய பல்பை எடுத்துவிட்டுப் பளீரென்ற எல்.இ.டி. பல்பை மாட்டினேன். பாதை பகல்போலத் தெரிந்தது. பெருமையாகவும் இருந்தது. ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டுப் பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி, நீங்க வரும்போது எனக்குப் படியே தெரியல." அவருக்குக் கண்புரை அறுவை ஆகியிருந்தது.

அன்றிரவே வண்டியைச் சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி நிறுத்திச் சோதித்தேன். பழைய பல்பில் 'டிம்' போட்டால் சுவரில் தெளிவான ஒரு கோடு விழும்; கோட்டுக்குக் கீழே ஒளி, மேலே இருள். புதுப் பல்பில் அந்தக் கோட்டையே காணோம். குவியத்தையும் இழையின் இடத்தையும் பற்றி மேலே சொன்னேனே, அதுதான் காரணம். மெல்லிய இழைக்காக வகுத்த ஆடியின் முன், வேறு வடிவமும் வேறு இடமும் கொண்ட ஒளிமூலத்தை வைத்துவிட்டேன். வகுப்பில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் வரையும் படம்தான் அது! பழைய பல்பை மீண்டும் மாட்டினேன்.

நீங்கள் செய்ய வேண்டுவது

வீட்டுக் காரில் பகல் விளக்கு மாட்ட எண்ணுகிறீர்களா? சில செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை வலியுறுத்தியது. எனவே உங்கள் காருக்கென்று உற்பத்தியாளரே தரும் விளக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முன்பக்கம் சிவப்பு ஒளியும் மினுக்கும் நீல ஒளியும் நமக்கு உரியவை அல்ல.

முகப்பு விளக்கின் கம்பியை அறுத்து முறுக்கி இணைக்க விடாதீர்கள். இரண்டு 55 வாட் பல்புகளுக்குச் செல்லும் மின்னோட்டம் 9 ஆம்பியர். தளர்ந்த இணைப்பில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே, அந்த ஒரு புள்ளியில் 8 வாட் வெப்பம் பிறக்கும். நம் ஆய்வுக்கூடத்துச் சிறிய சால்டரிங் அயர்னின் சூட்டுக்கு இது வெகு தொலைவில் இல்லை. பிளாஸ்டிக் உறை உருகத் தொடங்கும். பகல் விளக்குக்குத் தனிக் கம்பியும் தனி ஃப்யூஸும் வேண்டும். முகப்பு விளக்கு எரிந்ததும் அதை அணைக்க ஒரு ரிலே வேண்டும்.

எல்லாம் முடிந்தபின், சுவரின் முன்னால் வண்டியை நிறுத்திச் சோதியுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, இறங்கிச் சாலையின் எதிர்ப்புறம் சென்று, ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவிலும் உங்கள் வண்டியைப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. பகல் விளக்கு உங்களுக்கு ஒன்றையும் காட்டுவதில்லை. அதன் பயன் முழுவதும் எதிரே வருபவரின் கண்ணில்தான் இருக்கிறது. ராதாகிருஷ்ணன் சாலையில் அன்று விளக்கெரித்து வந்த தந்தைக்கு, அதனால் தம் மகள் பிழைத்தாள் என்பது இன்றுவரை தெரியாது.