கண்டிச் சுவரோவியமும் வண்ண அச்சும்

கண்டி ஓவிய மரபைக் கற்போருட் பலர் சுவர்களை நேரிற் காண்பதிலும் பார்க்க, நூல்களில் அச்சான படங்களையே ஆதாரமாகக் கொள்கின்றனர். எனவே, ஓவியம் சுவரிலிருந்து தாளுக்கு வந்து சேரும் வழியும் கலைவரலாற்று ஆய்வுக்கு உரியதாகின்றது.

கண்டி நகருக்கு அண்மையிலுள்ள தெகல்தொறுவக் குகை விகாரையை எடுத்துக்கொள்வோம். நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் (1747–1782) ஆட்சிக்காலத்தது அது. வெஸ்ஸந்தர சாதகம் முதலிய கதைகள் அங்கே செந்நிறப் பின்னணியில் நீண்ட பட்டிகளாகத் தொடர்கின்றன. கண்டி ஓவியர் கையாண்ட வண்ணங்கள் சிலவே: வெண்களிமண், புகைக்கரி, அரிதாரம், சாதிலிங்கம். இவற்றுள் சாதிலிங்கம் என்னும் சொல் சிங்களத்திலும் வழங்குகின்றது. ஓவியரோ நிலத்துக்கு ஈடாக ஊழியம் புரிந்தவர்கள். இராசகாரிய முறையே அக்கலையின் பொருளாதார அடித்தளமாகும்.

இம்மரபை உலகறியச் செய்த பெருநூல் ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ (1908). இங்கிலாந்தில், வில்லியம் மொறிஸ் தமது சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கையச்சுப் பொறியில், 15 மாத உழைப்பில், 425 படிகள் மட்டும் அச்சாயின. இயந்திர நாகரிகத்தைக் கண்டித்த அந்நூலே, எதெல் குமாரசுவாமி எடுத்த ஒளிப்படங்களைத் துணையாகக் கொண்டது என்பது சிந்திக்கத்தக்கது. அதன் படங்களிற் பெரும்பாலானவை நிறமற்றவை; ஆகவே நிறத்தைச் சொற்களே உணர்த்தவேண்டியிருந்தது.

நிறத்தைப் பிரித்து மீளக் கூட்டும் அறிவு அதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1861 இல் மக்ஸ்வெல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளினூடாகத் தனித்தனியே படமெடுத்து, அவற்றை ஒன்றுசேர்த்து வண்ணப் படிமம் காட்டினார். இன்றைய இலக்கமுறைக் கமராவும் அம்மூன்று ஒளிகளையே அளக்கின்றது. அச்சு இயந்திரமோ சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் இயங்குவது. திரையில் ஒளிரும் செம்மைகளுட் சில மையினால் எட்ட இயலாதவை. அவை அண்மைய நிறத்துக்கு மாற்றப்படுகையில், பழைய செம்மையும் பிற்காலத்தார் மேற்பூசிய செம்மையும் ஒன்றாகிவிடக்கூடும். அவ்வாறாயின், திருத்தப்பட்ட சுவரைத் தொன்மையானதென ஆய்வாளர் மயங்குவர்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் அறியப்பட்டவையே. நிற அட்டையைச் சுவரருகே வைத்து, ஒரே ஒளியிற் படமெடுத்தல் வேண்டும். மூலப் படிமத்தை மாற்றாது பேணி, அதன் பிரதியிலேயே திருத்தம் செய்தல் வேண்டும். அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் என்பது வழக்கமான அளவு. 8 அங்குல அகலப் படத்துக்கு 2400 தேவை. நிறமாற்றம், அச்சிடவிருக்கும் தாளுக்கும் மைக்கும் உரிய நிற விவரக் கோப்பின்படி நிகழவேண்டும். 1993 இல் நிறுவப்பட்ட சர்வதேச நிறக் கூட்டமைப்பு அதற்குப் பொது வடிவம் வகுத்தது. இறுதியாக, மெய்ப்பை விகாரைக்கே கொண்டுசென்று சுவரோடு ஒப்பிடுதல் நன்று.

இவற்றை வெறும் தொழில்நுட்பமெனக் கொள்வது பொருந்தாது. நிறத்தைத் தூக்கிக்காட்டுவதும், தொடர்கதைப் பட்டியில் ஒரு காட்சியை மட்டும் வெட்டியெடுப்பதும் விளக்கம் கூறும் செயல்களே. ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பாடபேதங்களைக் குறித்துச் சென்றமையாலேயே, பின்வந்தோர் அவர் முடிவுகளை மீளாய்வு செய்ய முடிந்தது. படிமத்தை ஆயத்தம் செய்பவரும் ஒரு பதிப்பாசிரியரே. என்ன ஒளி, எந்நாள், எத்திருத்தம், எவ்வளவு வெட்டப்பட்டது என்னும் குறிப்பின்றி வெளியாகும் படம், பாடபேதம் மறைத்த பதிப்புக்கு ஒப்பானது.

1998 ஜனவரி 25 இல் தலதா மாளிகை வாயிலில் வெடித்த குண்டு சுவரோவியங்களையும் சிதைத்தது. சுவர் அழிந்தபின் படமே சாட்சியாகின்றது. 425 பேருக்கு மட்டும் எட்டிய கலையை இன்று ஒரு கிராமத்துப் பாடசாலைக்கும் கொண்டுசெல்ல வண்ண அச்சினால் இயலும். பெயர் எஞ்சாத ஓவியர் பலரின் உழைப்பை மக்கள் முன் வைக்கும் அப்படம், தனக்கு நேர்ந்த மாற்றங்களையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.