வாயிலில் நின்ற சினம்

பிதுங்கும் விழிகள்! புடைத்தெழுந்த நரம்புகள்! முறுக்கேறிய தோள்கள்! மோதி மிதிக்கத் துடிக்கும் கால்கள்! சப்பான் நாட்டின் நாரா நகரில், தோதாய்ஜி என்னும் பௌத்தப் பெருங்கோயிலின் தெற்கு வாயிலில், எதிரெதிரே நிற்கும் இரு மரச்சிலைகளின் தோற்றம் இது. ஒவ்வொன்றும் 8 மீட்டருக்கு மேல் உயரம்.

அவற்றின் படத்தை வகுப்பிலே காட்டினோம். மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, எவ்வுயிர்க்கும் இரங்கச் சொன்னவர் புத்தர் என்றீர்கள். அவர் வாயிலில் இந்த முரடர்களுக்கு என்ன வேலை?" என்றான். சற்று முன்னர்தான் அவனை நாம் சினந்து அதட்டியிருந்தோம். அவன் கேள்வி சிலையைச் சுட்டியது, நம்மையும் சுட்டது!

அன்று விடை கூற இயலவில்லை. இன்று கூற முயல்கிறோம்.

இச்சிலைகளுக்குச் சப்பானியர் வழங்கும் பெயர் 'நியோ'. அதன் பொருள் என்ன? அச்சமூட்டும் அரக்கர் என்பதா? அன்று, 'அருள் வேந்தர்' என்பதாகும்! முகத்திலே அனல், பெயரிலே அருள். இம்முரண்பாட்டிலேதான் அவற்றின் உட்பொருள் உறைகிறது.

இவர்களின் மூதாதை இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிய வச்சிரபாணி. காந்தாரச் சிற்பங்களில் அவன் புத்தருக்கு அருகே கையில் வச்சிரத்துடன் காவலனாக நிற்கிறான். சிலவற்றில் கிரேக்க வீரன் எராக்கிளீசின் சாயலே அவனுக்கு உண்டு. சீனம், கொரியா வழியே சப்பானை அடைந்தபோது, அவ்வொருவன் வாயிலின் இருபுறமும் நிற்கும் இருவரானான். ஒருவன் வாய் திறந்திருக்கிறது. அது 'அ' என்னும் ஒலி. மற்றவன் வாய் மூடியிருக்கிறது. அது 'ஊம்' என்னும் ஒலி. முதலும் முடிவும் அவ்விரு வாய்களில் அடக்கம். கையிலுள்ள வச்சிரம், எதனாலும் உடைபடாத மெய்யறிவின் சின்னம்.

ஃபுதோ என்று சப்பானியர் வணங்கும் அசலனின் உருவமும் இத்தகையதே. வலக்கை வாள் அறியாமையை அறுக்க. இடக்கைக் கயிறு அலையும் மனத்தைக் கட்ட. முதுகுப்புறத் தீ ஆசைகளை எரிக்க! அச்சினத்தின் இலக்கு மனிதன் அல்லன். மனிதனைப் பிணித்த மடமை.

ஆனால் மனிதனையே எரித்த சினமும் அவ்வாயிலுக்கு வந்ததுண்டு. 1180ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், தைரா குலத்துப் படைத்தலைவன் சிகேகிரா நாராவின்மீது பாய்ந்தான். தீ பரவியது. பெரும்புத்தர் மண்டபம் எரிந்தது. அடைக்கலம் தேடி உள்ளே புகுந்திருந்த மக்களும் உடன் எரிந்தனர். கோயிலைக் காத்த தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எத்தெய்வமும் வந்து தடுக்கவில்லை. சாம்பலிலிருந்து அதை எழுப்பியவர்கள் மனிதர்களே!

அறுபது வயதைக் கடந்த சோகென் என்னும் துறவி நாடெங்கும் சென்று பொருள் திரட்டினார். 1199இல் தெற்கு வாயில் மீண்டும் எழுந்தது. 1203இல் உங்கெய், கைகெய், தங்கெய், ஜோகாக்கு ஆகிய சிற்பிகள் துணைவர்களோடு உளி எடுத்தனர். எத்தனை நாளில் முடித்தனர்? 69 நாள்களில்!

மாயமோ மந்திரமோ அன்று, முறை! ஒரே மரத்தைக் குடையாமல், பல துண்டுகளைத் தனித்தனியே செதுக்கி இணைக்கும் கலை அது. சிலைக்கு ஏறத்தாழ 3,000 துண்டுகள். ஒருவர் கையைச் செதுக்க, ஒருவர் காலைச் செதுக்கலாம். உள்ளே வெற்றிடம் இருப்பதால் எடை குறையும்; மரம் உலரும்போது வெடிப்பும் குறையும். 11ஆம் நூற்றாண்டில் ஜோசோ என்னும் சிற்பி செம்மைப்படுத்திய முறையை இவர்கள் பேருருவுக்குப் பயன்படுத்தினர்.

1988 முதல் 1993 வரை அச்சிலைகளைப் பிரித்துப் பழுதுபார்த்தபோது வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. செதுக்கிய பின்னரும் சிற்பிகள் கொப்பூழ் போன்ற உறுப்புகளின் இடத்தை மாற்றியிருந்தனர். ஏன்? கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் எளிய மனிதனின் கண்ணுக்கு உருவம் பொருந்த வேண்டும் என்பதற்காக! தெய்வத்தின் சினத்தைக் கூட மனிதனின் பார்வைக்கு ஏற்பவே அளந்தார்கள்.

சிலையினுள் ஏடுகளும் எழுத்துகளும் இருந்தன. வாய் திறந்தவனின் வச்சிரத்தினுள் உங்கெய், கைகெய் பெயர்கள். மற்றவனுக்குள் இருந்த ஏட்டில் தங்கெய், ஜோகாக்கு பெயர்கள். வணங்கியோர் கண்ணில் படாமல், ஏறத்தாழ 785 ஆண்டுகள் அவை அந்த இருளில் காத்திருந்தன. தெய்வத்தின் நெஞ்சைத் திறந்தால் உள்ளே உழைத்தவனின் பெயர்!

சிகேகிராவின் சினம் ஓரிரவில் எரித்தது. சிற்பிகள் செதுக்கிய சினம் எண்ணூறு ஆண்டுகளாக நிற்கிறது. முன்னது தன் ஆணையைக் காக்க எழுந்தது. பின்னது அடைக்கலம் புகுந்தோரைக் காக்க எழுந்தது. சினத்தை அளக்கும் கோல் அதன் உரத்த குரல் அன்று. அது யார் பக்கம் நிற்கிறது என்பதே.

இதை அம்மாணவனிடம் கூறினோம். கூறுமுன், அன்று அதட்டியதற்கு வருந்துகிறோம் என்றும் சொன்னோம். அன்றைய நம் சினம் அவனைக் காக்க எழுந்ததன்று.