பேட்டாவும் துண்டும்

எங்கள் டீமில் யாராவது எப்போதாவது கிளையன்ட் ஆபீசுக்குப் போகவேண்டி வந்தால், அந்த டிராவல் ரெக்வெஸ்ட் என் ஸ்கிரீனுக்குத்தான் வரும். எங்கே, எதற்கு, எத்தனை நாள், ரயிலா ஃபிளைட்டா, தினப்படி எவ்வளவு என்று நாலைந்து கட்டங்கள். பார்த்து அப்ரூவ் கொடுக்கணும். சலிப்பான வேலைதான். ஆனால் அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு பழைய கேள்வி இருக்கிறது: வேலைக்காக ஒருவர் ஊர்விட்டு நகர்ந்தால், அந்தச் செலவு யார் தலையில்? போடிநாயக்கனூர்க்காரனான எனக்கு இது ஃபாரத்தோடு முடிகிற கேள்வி இல்லை.

சினிமா யூனிட்டிலும் டிராவல்ஸ் டிரைவர்களிடமும் இன்றும் புழங்குகிற 'பேட்டா', கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தின் சொல். களத்துக்குப் போகும் அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்கு மேல் கொடுத்த படி அது. 1757 பிளாசிப் போருக்குப் பிறகு மீர் ஜாஃபர் அதை வங்காளப் படைக்கு இரட்டிப்பாக்கினார். 1766இல் கிளைவ் அந்த இரட்டைப் படியை வெட்டியபோது, வெள்ளை அதிகாரிகள் கூட்டமாக ராஜினாமா செய்யக் கிளம்பிவிட்டார்கள். பயணப்படி தங்கள் உரிமை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

மலையேறிய தமிழர்களுக்கு இதே கணக்கு தலைகீழாக எழுதப்பட்டது. மலைத்தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முதலில் முன்பணம் கொடுப்பார். வழிச்செலவும் சாப்பாடும் அதில்தான் சேரும். தோட்டத்தில் காலடி வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் இதற்குக் காவல் நின்றது. முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால், பணத்தைக் கட்டு அல்லது வேலைக்குத் திரும்பு என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம்வரை சிறை. 1925இல்தான் அதை ரத்து செய்தார்கள்.

இலங்கைத் தோட்டங்களில் அந்தக் கடனுக்குக் காகித வடிவமே இருந்தது. பெயர் 'துண்டு'. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. வேறொரு தோட்டம் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். யோசித்துப் பார்த்தால் துண்டிலும் என் ஸ்கிரீனிலும் இருப்பது ஒரே விவரம்தான்: ஆள், இடம், தொகை. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது மட்டும் மாறுகிறது.

தொழிலாளிக்கும் ஒரு பேட்டா சட்டத்தில் ஏறியது 1979இல். மாநிலம்விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்களுக்கான அந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, போகவர வண்டிச்செலவை ஒப்பந்ததாரர் தரவேண்டும் என்றது. அதைவிட முக்கியமாக, பயண நேரத்துக்கும் வேலையில் இருந்ததாகவே கருதிக் கூலி தரணும் என்றது.

எங்க ஊர்ப்பக்கம் இந்தப் பிரிவை வைத்துப் பார்த்தால் இடறும். ஒப்பந்ததாரர் கூட்டிப்போய் அங்கேயே தங்கி வேலை பார்ப்பவரை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. போடியில் விடியும் முன்னே சாப்பாட்டுத் தூக்கோடு ஜீப் ஏறும் பெண்கள், போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் அன்றே இறங்கிவிடுகிறவர்கள். மாநில எல்லையை ஒருநாளில் இரண்டு முறை தாண்டுகிறார்கள். 2010 கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பியபோது ஊரே கொண்டாடியது. ஆனால் ரயில் அடிவாரத்தோடு நின்றுவிடும். மலைக்கு ஜீப்தான்.

2020இல் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது, மலை ஏற இ-பாஸ் கேட்டார்கள். பெயர், ஊர், எங்கே, எதற்கு. கிட்டத்தட்ட எங்கள் ஆபீஸ் ஃபாரம் மாதிரியே. தினப்படி என்ற கட்டம் மட்டும் அதில் கிடையாது. வண்டிக்கூலியாவது ஒவ்வொரு எஸ்டேட்டிலும் பேசி முடித்துக்கொள்ளலாம். மலை ஏறி இறங்கும் அந்த மணிநேரங்களை யார் கணக்கில் எழுதுவது என்று 15ஆவது பிரிவு ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலை ஜீப்வரை கொண்டுவரும் வேலை இன்னும் பாக்கி.