முரசு முதல் நோட்டீஸ் வரை

கூத்தும் இசையும் நாடகமும் நடக்கப்போகின்றன என்ற செய்தி தமிழ் மக்களுக்கு எவ்வாறு எட்டியது என்று ஆராயப் புகுந்தால், மணிமேகலையின் முதற்காதையே நமக்கு வாயில் திறந்துவிடுகிறது. அக்காதைக்கு 'விழாவறை காதை' என்றே பெயர். புகார் நகரத்தில் இந்திர விழா நெருங்குகிறது. வச்சிரக்கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, முதுகுடியிற் பிறந்தோன் ஒருவன் தெருத்தெருவாக அறைந்து செல்கிறான். தோரணம் கட்டுங்கள், புதுமணல் பரப்புங்கள், பகைவரோடும் பூசலிட வேண்டா என்று 28 நாள் விழாவுக்கு ஊரை ஆயத்தப்படுத்துகிறான்.

ஆனால் அடுத்த காதையைப் படிக்கும்போதுதான் நமக்குச் சுவை மிகுகிறது. அறிவிப்பு நடந்துவிட்டது, ஊர் திரண்டுவிட்டது, ஆட வேண்டிய மாதவியும் மணிமேகலையும் வரவில்லை! ஊரார் அலர் தூற்றுகின்றனர். சித்திராபதி மனம் பொறாது வயந்தமாலையை மாதவியிடம் அனுப்புகிறாள். மாதவி துறவு பூண்ட மனத்தினளாய் மறுத்துவிடுகிறாள். அறிவித்த கலைஞர் வராமற் போனால் அறிவித்தவர் படும் பாடு என்னவென்பதை அந்நாளிலேயே சாத்தனார் அறிந்திருந்தார் என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு. தலைநகரில் நம் சங்கத்துக்காகப் பல ஆண்டுகள் நிகழ்ச்சி நோட்டீஸ் எழுதிய கை இது. ஒரு மார்கழியில் மூடுபனியால் இரயில் பல மணி நேரம் தாமதமாக, ஒப்பனைப் பெட்டிகளோடு நாடகக் குழுவினர் நள்ளிரவுக்குச் சற்று முன் வந்து சேர்ந்தபோது, அரங்கில் எஞ்சியிருந்தவர்கள் செயற்குழு உறுப்பினரும் அவர்தம் இல்லத்தாருமே. சித்திராபதியின் நினைவு அன்று நமக்கு வந்ததில் வியப்பில்லை.

முரசு ஓய்ந்த பின்பும் தோற்கருவியின் வேலை ஓயவில்லை. வடதமிழகத்துத் தெருக்கூத்தில் ஆட்டம் தொடங்குமுன் மத்தளமும் தாளமும் முகவீணையும் ஒருங்கே முழங்குவதைக் 'களரி கட்டுதல்' என்பர். இரவின் அமைதியில் அவ்வொலி அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அழைப்பாகும். அழைப்பு அத்துடனும் முடிவதில்லை. கட்டியக்காரன் வந்து, இதோ வருபவர் இன்னார், அவர் வரலாறு இன்னது என்று திரைக்கு முன்னின்று அறிவிப்பான். அச்சு இல்லாத காலத்தில் நோட்டீஸ் கையும் காலும் முளைத்து மேடையிலேயே நடமாடிற்று எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அச்சுக்கூடங்களும் நாடகக் கம்பெனிகளும் ஒருங்கே பெருகின. அக்காலத்து நோட்டீஸ்களில் படங்கள் அரிது, எழுத்தே நிறைந்திருக்கும். கனவான்களே, சீமாட்டிகளே என்று விளித்து, கதையின் மேன்மையையும் திரைச்சீலைகளின் அழகையும் நீள உரைத்து, வகுப்பு வாரியாகக் கட்டணம் குறித்து, பெண்களுக்குத் தனியிடம் உண்டென்று உறுதி கூறி முடியும். சிலவற்றில் இன்னும் ஒரு வரி இருக்கும். பஞ்சமருக்கு இடமில்லை என்பதே அது. அரிச்சந்திரன் சுடலை காத்த கதையைக் காண வருக என்று மேலே அழைத்துவிட்டு, சுடலை காப்போர் வரலாகாது என்று அடியில் எழுதிய கையை என்னென்பது? தமிழ் நாடகத்தின் பெருமை பேசுவோர் பலரும் இவ்வரியை எடுத்துக்காட்டுவதில்லை. நாம் எடுத்துக்காட்டுவது பழியுரைக்க அன்று. நோட்டீஸ் என்பது யாரை அழைக்கிறது என்பதைப் போலவே, யாரை அழைக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டிய ஆவணம் என்பதற்காகவே.

1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, வழக்கறிஞரும் அலுவலரும் கூடி நாடகம் ஆடிய சபையாகும். விக்டோரியா பொது மண்டபத்து அவர்தம் நாடகங்களால் கற்றோரிடையே நடிப்புக்கு மதிப்பு வந்தது. நம் சங்கங்களின் நாடகக் குழுக்கள் எல்லாம் ஒருவகையில் அச்சபையின் பேரப்பிள்ளைகளே. அது பற்றிப் பலர் எழுதியுள்ளனர்; நாம் மதுரைப் பக்கம் செல்வோம்.

தூத்துக்குடியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்களே. 1922-இல் சுவாமிகள் மறைந்தார். அவர் யாத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் தமிழகத்து நடிகர் பலர் நெஞ்சிலும் பாட்டாகவும் தர்க்கமாகவும் பதிந்துவிட்டன. இதன் விளைவாகப் புதுமுறை ஒன்று உருவாயிற்று. அதுவே 'ஸ்பெஷல் நாடகம்'. இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓரூரினின்றும், ஸ்திரீபார்ட் வேறோரூரினின்றும், பபூன் மூன்றாம் ஊரினின்றும் பஸ் ஏறி வந்து இரவு பத்து மணிக்கு மேடையில் சந்திப்பர். விடியும் வரை ஆடுவர். காலையில் அவரவர் வழியே பிரிவர். எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடமாதலின் இது கைகூடுகிறது.

ஆகவே இந்நடிகர் அனைவரும் மேடைக்கு முன்னர்க் கூடும் இடம் ஒன்றே ஒன்று, அதுதான் நோட்டீஸ். மேலே கோயில் திருவிழாவின் பெயர். அதன்கீழ் தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும். பின்னர் நாடகத்தின் பெயர். அதன்பின் ஒவ்வொரு நடிகரின் படமும், ஊரும், பேரும், ஏற்கும் பாகமும். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று பக்கவாத்தியக்காரரும் விடுபடார். அடியில் விழா எடுக்கும் ஊர்ப் பொதுமக்களின் பெயரால் அழைப்பு. நடிகரின் பெயருக்கு முன் ஊரை அச்சிடுவது வெறும் வழக்கம் அன்று. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் என்ற சொற்களிலேயே எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர், எவ்வளவு தூரம் வருகிறார், ஊரார் எவ்வளவு செலவிட்டார்கள் என்பதெல்லாம் அடங்கும். கோடை விடுமுறையில் நாம் ஊருக்குச் சென்ற சிறு வயதில், நம் பாட்டியார் ரோஸ் நிற நோட்டீஸை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஊர்ப்பெயர்களிலிருந்தே இவ்வாண்டு நாடகம் தேறுமா தேறாதா என்று தீர்ப்புக் கூறிவிடுவார். எழுத்தறியாத அவரைப் போல் நோட்டீஸைப் படிக்கத் தெரிந்தவரை நாம் பின்னர்க் கண்டதில்லை.

நோட்டீஸ் இரசிகரை மட்டும் அழைக்கவில்லை. 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் நாடகத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தை ஆங்கில அரசுக்கு அளித்தது. நாளும் இடமும் அச்சிட்ட தாள் காவல் துறைக்கும் வழிகாட்டியாயிற்று. சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாத தாஸ், முருகன் வேடத்தில் நின்றே விடுதலைப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை புகுந்தார். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு நடிக்க மறுத்த நடிகைகளும் இருந்தனர். சென்னை ராயல் தியேட்டரில் 1940 டிசம்பர் 31 அன்று வள்ளி திருமணம். மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவரின் உயிர் மேடையிலேயே பிரிந்தது. விடுதலைக்குப் பின்னும் கட்டுப்பாடு ஒழியவில்லை. 1954-இல் சென்னை மாநில அரசு கொண்டுவந்த நாடகச் சட்டம் எம்.ஆர். ராதாவைக் கருதியே எழுந்தது என்பர். அவரோ, தம் நாடகத்தால் மனம் புண்படுவோர் வரவே வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று விளம்பரம் செய்தார் என்பர். வராதீர்கள் என்று கூறியே கூட்டம் சேர்த்தவர் அவர் ஒருவரே போலும்! அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் செல்லாதவை ஆக்கிற்று. 1876-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-இல்தான் நீங்கியது.

மார்கழி இசை விழாவைப் பற்றி நம்மவர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு நிகழ்ந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. விடுப்புப் பயணச் சலுகையை டிசம்பருக்கென்றே சேமித்து வைக்கும் நண்பர் நம் அலுவலகத்திலும் உண்டு. சபாக்களின் நிகழ்ச்சி நிரலைக் கோப்புகளுக்கிடையே விரித்து வைத்துக்கொண்டு, எந்தக் கச்சேரியிலிருந்து எந்தக் கச்சேரிக்கு எப்படி ஓடுவது என்று அவர் கணக்கிடும் ஊக்கம் அலுவல் கணக்கில் காணப்படுவதில்லை.

இனி நம் நோட்டீஸுக்கு வருவோம். சில ஆண்டுகளாகச் செயற்குழுவில் ஒரு வாதம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியவில்லை, ஆகவே அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பலாம் என்றனர் ஒரு சாரார். அனைவரும் கைபேசியில் பார்க்கிறார்கள், தாளே வேண்டாம் என்றனர் வேறு சிலர். தமிழ் நாடகத்துக்குத் தமிழில் அழைப்பு இல்லையெனில் எதற்கு நாடகம் என்று நாம் சற்றுச் சூடாகவே கேட்டுவிட்டோம். ஆனால் வீடு திரும்பும் வழியில் வேறோர் எண்ணம் நம்மை உறுத்திற்று. இத்தனை ஆண்டுகளாக நாம் எழுதிய நோட்டீஸ்கள் சென்ற இடங்கள் எவை? உறுப்பினர் பட்டியலில் உள்ள அரசுக் குடியிருப்புகள், அடுக்ககங்கள், கோயில் வாயில்கள். ஜங்புராவில் பாராபுல்லா ஓடைக்கரையில் பல்லாண்டுகள் இருந்த மதராசி கேம்ப்புக்கு ஒரு தாளும் சென்றதாக நினைவில்லை. நம் இல்லங்களில் பணிபுரிந்த தமிழ்ப் பெண்கள் பலர் அங்கிருந்தே வந்தனர். இடமில்லை என்று நாம் எந்நாளும் அச்சிட்டதில்லை. அச்சிட வேண்டிய தேவையே நேரவில்லை. 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் கண்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. ஏனையோர் எங்கெங்கோ சிதறினர்.

அவ்வாண்டுக் குளிர்காலத்து நாடகத்துக்கு இரு மொழியிலும் நோட்டீஸ் அச்சிடுவதென்று முடிவாயிற்று. ஒரு கட்டை எடுத்துக்கொண்டு ஞாயிறன்று நாமும் நண்பர் ஒருவரும் நரேலாவுக்குப் பஸ் ஏறினோம். போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரமாயிற்று. இவ்வளவு தொலைவிலிருந்து மாலை நாடகத்துக்கு வந்து எப்படித் திரும்புவார்கள் என்று அங்கே இறங்கிய பின்னரே நமக்குத் தோன்றியது. தேநீர்க் கடை அருகே விழுப்புரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தாளை வாங்கிக் கண்ணுக்கருகே பிடித்து, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எல்லாம் போட்டிருக்கீங்க சார். கட்டியக்காரன் யாருன்னு போடலையே?"

இது கூத்து அன்று, சபா நாடகம், இதில் கட்டியக்காரன் இல்லை என்று நண்பர் விளக்கினார். பெரியவர் தலையசைத்துத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் போக வண்டிக்கு ஏற்பாடு உண்டா என்று வினவினார். செயலாளரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி, அவர் கைபேசி எண்ணைக் கட்டிலிருந்த மற்றொரு நோட்டீஸின் பின்புறம் குறித்துக்கொண்டோம்.