பசுமை வழி (பிரான்சு)

பசுமை வழி (பிரெஞ்சு மொழியில்: வுவா வெர்த்) என்பது பிரான்சு நாட்டில் மோட்டார் வாகனப் போக்குவரத்திலிருந்து பிரித்து, மிதிவண்டியோட்டிகள், நடப்போர், சக்கரக் காலணி அணிந்து செல்வோர், சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர், குதிரையில் செல்வோர் ஆகியோருக்காக ஒதுக்கப்பட்ட பாதை ஆகும். இப்பாதைகளுள் பல நாட்டுப்புறப் பகுதிகளில், கைவிடப்பட்ட தொடர்வண்டித் தடங்களின் மீதும் கால்வாய்க் கரைகளிலும் அமைந்துள்ளன. சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை மிதிவண்டியிலேயே நாட்டைச் சுற்றிப் பார்ப்போர் இவற்றைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். சிறுவர்களுடன் செல்லும் குடும்பத்தினரும் முதியவர்களும் அச்சமின்றி நெடுந்தொலைவு செல்ல முடிவதே இவ்வழிகளின் தனிச்சிறப்பாகும்.

பெயரும் வரையறையும்

பசுமை வழி, மிதிவண்டி நெடுவழி (வெலோரூத்) ஆகிய இரண்டும் ஒன்றல்ல. மிதிவண்டி நெடுவழி என்பது ஊர்களையும் மாவட்டங்களையும் இணைத்துச் செல்லும், வழிகாட்டிப் பலகைகள் இடப்பட்ட ஒரு நீண்ட பயணத்தடம் ஆகும். அதன் சில பகுதிகள் பசுமை வழிகளாக இருக்கும். ஏனைய பகுதிகள் வாகனங்கள் குறைவாகச் செல்லும் சிற்றூர்ச் சாலைகளாக இருக்கும். பசுமை வழி என்பதோ பாதையின் வகையைக் குறிக்கும் சொல். எனவே ஒரு நெடுவழி முழுவதும் வாகனங்கள் அற்றதாக இருக்கும் எனக் கொள்ளுதல் தவறாகும்.

பிரெஞ்சு சாலைப் போக்குவரத்துச் சட்டத் தொகுப்பில் பசுமை வழி என்னும் வகை 2004 செப்டம்பர் 16 ஆம் நாளிட்ட ஆணையின் மூலம் சேர்க்கப்பட்டது. மோட்டார் அற்ற ஊர்திகள், நடப்போர், குதிரையில் செல்வோர் ஆகியோருக்கு மட்டும் உரிய சாலை என அவ்வாணை இதனை வரையறுத்தது. பாதையின் தொடக்கத்தில் நீல நிறச் சதுரப் பலகை வைக்கப்படுகிறது. மணிக்கு 25 கி.மீ வேகம் வரை மட்டும் மின்னோடி துணைசெய்யும் மிதிவண்டிகள் சட்டப்படி மிதிவண்டிகளாகவே கருதப்படுவதால் அவற்றுக்குத் தடை இல்லை. 2019 ஆம் ஆண்டு ஆணையொன்றின் மூலம் மின்சார உதைவண்டி போன்ற சிறு ஊர்திகளும் அனுமதிக்கப்பட்டன.

பின்னணி

பசுமை வழிகள் பெரும்பாலும் புதிதாக வெட்டப்பட்ட பாதைகள் அல்ல. 17 ஆம் நூற்றாண்டு முதல் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வேறு தேவைகளுக்காக உருவாக்கப்பட்ட கட்டமைப்புகளின் மறுபயன்பாடே இவை.

தொடர்வண்டித் தடங்கள்

1878 ஆம் ஆண்டில் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்த சார்லஸ் டி பிரெய்சினே, தொடர்வண்டி வசதி அற்ற பகுதிகளுக்கும் அதனைக் கொண்டு செல்லும் பெருந்திட்டம் ஒன்றை முன்வைத்தார். 1879 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 181 வழித்தடங்கள், மொத்தம் 8,000 கி.மீ-க்கும் மேற்பட்ட நீளத்தில், பட்டியலிடப்பட்டன. இவற்றுள் பல, மக்கள் தொகை குறைந்த வேளாண் பகுதிகளின் ஊடே சென்றன. பேருந்தும் சரக்குந்தும் பெருகிய பின்னர் இத்தடங்களின் வருவாய் குறைந்தது. 1930களிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட பின்பும் மேடுகளும் பாலங்களும் சுரங்கங்களும் நிலைத்திருந்தன.

இழுவைப் பாதைகள்

கால்வாய்களில் சரக்குப் படகுகளை முற்காலத்தில் மனிதரும் விலங்குகளும் கரையிலிருந்து கயிற்றால் இழுத்துச் சென்றனர். அதற்காகக் கால்வாயை ஒட்டி அமைக்கப்பட்ட பாதை இழுவைப் பாதை எனப்பட்டது. படகுகளில் இயந்திரங்கள் பொருத்தப்பட்ட பின்னர் இப்பாதைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. கால்வாய்களின் வரலாற்றிலும் பிரெய்சினேயின் பெயர் இடம்பெறுகிறது. நீர்ப்பூட்டுகள் 39 மீட்டர் நீளமும் 5.2 மீட்டர் அகலமும் கொண்டிருத்தல் வேண்டும் என்னும் பொது அளவு 1879 ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியால் சட்டமாக்கப்பட்டது. இன்றைய மிதிவண்டிப் பயணி தொடர்வண்டித் தடத்தில் சென்றாலும் கால்வாய்க் கரையில் சென்றாலும் அவருடைய திட்டத்தின் எச்சங்களைக் காணக்கூடும்.

வரலாறு

பிரான்சில் மிதிவண்டிச் சுற்றுலா, பசுமை வழிகளுக்கு நெடுங்காலம் முந்தியது. செயிந்த் எத்தியென் நகரைச் சேர்ந்த பால் டி விவி (1853–1930), வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதி, பந்தயம் அல்லாத மிதிவண்டிப் பயணத்தைப் பரப்பினார். 1936 ஆம் ஆண்டில் ஊதியத்துடன் கூடிய விடுமுறை சட்டமானபோது, தொழிலாளர் பலர் மிதிவண்டியிலேயே முதன்முறையாக நெடும்பயணம் சென்றனர். அக்காலத்தில் நாட்டுப்புறச் சாலைகளில் தானுந்துகள் குறைவாக இருந்தமையால் தனிப் பாதைக்கான தேவை எழவில்லை. தானுந்துகள் பெருகிய பின்னரே அத்தேவை உணரப்பட்டது.

பிரான்சின் முதல் பசுமை வழி 1997 ஆம் ஆண்டில் பர்கண்டிப் பகுதியின் சோன்-எ-லுவார் மாவட்டத்தில் திறக்கப்பட்டது. கிவ்ரி, குளூனி ஆகிய ஊர்களுக்கிடையே பழைய தொடர்வண்டித் தடத்தின் மீது 44 கி.மீ நீளத்தில் இது அமைக்கப்பட்டது. 1998 டிசம்பரில் மிதிவண்டி நெடுவழிகளுக்கும் பசுமை வழிகளுக்குமான தேசியத் திட்டத்தை அரசு ஏற்றுக்கொண்டது. 2010 ஆம் ஆண்டில் அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. பாதைகளை அமைத்துப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் மாவட்ட, உள்ளூர் நிர்வாகங்களைச் சார்ந்தது.

பாதையின் அமைப்பு

பசுமை வழிகள் பொதுவாக ஏறத்தாழ 3 மீட்டர் அகலம் கொண்டவை. மேற்பரப்பு தார்ப்பூச்சாகவோ இறுக்கப்பட்ட மணல், சரளையாகவோ இருக்கும். தார்ப்பூச்சு மழைக்காலத்திலும் சக்கர நாற்காலிகளுக்கும் ஏற்றது. ஆனால் செலவு மிகுந்தது, குதிரைகளுக்கு உகந்ததன்று.

நீராவி இயந்திரத்தால் செங்குத்தான ஏற்றங்களில் செல்ல இயலாது. எனவே பொறியாளர்கள் குன்றுகளை வெட்டியும் பள்ளங்களை நிரப்பியும் தடத்தை ஏறக்குறைய சமமாக அமைத்தனர். அதனால் பழைய தொடர்வண்டித் தடங்களில் சரிவு பொதுவாக நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேற்படுவதில்லை. மூட்டைகளைச் சுமந்து செல்லும் மிதிவண்டிக்கு இது பெரும் நன்மையாகும்.

கால்வாய்க் கரையில் ஒரு நீர்ப்பூட்டிலிருந்து அடுத்த நீர்ப்பூட்டு வரை பாதை சமதளமாகவே செல்லும். நீர்ப்பூட்டை ஒட்டி மட்டும் சிறிய ஏற்றம் இருக்கும். எடுத்துக்காட்டாக, 242 கி.மீ நீளமுள்ள பர்கண்டிக் கால்வாய் 189 நீர்ப்பூட்டுகளின் உதவியால் கடல் மட்டத்திலிருந்து 378 மீட்டர் உயரத்தை அடைகிறது. அதன் கரையில் செல்லும் பயணியும் அதே உயரத்தைச் சிறுசிறு படிகளாக ஏறிவிடுகிறார். எனினும் கால்வாயின் உச்சியில் 3 கி.மீ-க்கும் மேற்பட்ட நீளமுள்ள சுரங்கத்தில் கரைப்பாதை இல்லாமையால், அங்கு பயணி குன்றின் மேலே செல்ல வேண்டும்.

குறிப்பிடத்தக்க வழிகள்

கிவ்ரி – குளூனி – மாக்கோன்: முதல் பசுமை வழியும் அதன் நீட்சியும் ஆகும். புயூக்சி என்னும் திராட்சைத் தோட்ட ஊர், கோர்மத்தேன் கோட்டை, கி.பி. 910 இல் நிறுவப்பட்ட குளூனி மடம் ஆகியவை வழியில் உள்ளன. குளூனிக்குத் தெற்கே ஏறத்தாழ 1,600 மீட்டர் நீளமுள்ள புவா கிளேர் தொடர்வண்டிச் சுரங்கத்தின் வழியே பாதை செல்கிறது. சுரங்கத்தில் வௌவால்கள் குளிர்கால உறக்கம் கொள்வதால் அப்பருவத்தில் அது மூடப்படுகிறது. பயணிகள் கணவாய்ச் சாலையில் ஏறிச் செல்ல வேண்டும்.

நாந்து – பிரெசுட்டுக் கால்வாய்: பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையைத் தவிர்க்க உள்நாட்டு நீர்வழி தேவை என நெப்போலியன் காலத்தில் தொடங்கப்பட்ட இக்கால்வாய் ஏறத்தாழ 360 கி.மீ நீளமுடையது. 1920களில் கட்டத் தொடங்கிய கெர்லேதான் அணையின் நீர்த்தேக்கத்தில் நீர்ப்பூட்டுகள் பல மூழ்கியதால் கால்வாய் இரண்டாகத் துண்டிக்கப்பட்டது. அவ்விடத்தில் மிதிவண்டிப் பாதை, ஏரியின் அருகே செல்லும் பழைய மீட்டர் அகலத் தொடர்வண்டித் தடத்தில் தொடர்கிறது. படகுகளுக்கு அறுந்த வழி மிதிவண்டிகளுக்கு இணைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. பிரெத்தாஞ் பகுதியின் ரோசுகோஃப் துறைமுகத்திலிருந்து எசுப்பானிய எல்லை வரை செல்லும் வெலோதிசே நெடுவழி இக்கால்வாயின் ஒரு பகுதியைப் பயன்படுத்துகிறது.

மிதிக் கால்வாய்: பியர்-பால் ரிக்கே என்பவரின் திட்டப்படி 1666 முதல் 1681 வரை கட்டப்பட்டது, 1996 இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. தூலூசு நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ வரை தார்ப்பூச்சுப் பாதை உள்ளது. அதற்கப்பால் பல இடங்களில் பாதை குறுகி, மரவேர்கள் நிறைந்த மண் தடமாகிறது. 1856 இல் நிறைவுற்ற கரோன் கால்வாயின் கரைவழியே தூலூசிலிருந்து போர்தோ நோக்கிச் செல்லலாம்.

ரோஜே லாபெபி பாதை: போர்தோ நகரிலிருந்து சோவ்தேர்-டி-குயென் ஊர் வரை திராட்சைத் தோட்டங்களின் ஊடே பழைய தொடர்வண்டித் தடத்தில் செல்கிறது. 1937 ஆம் ஆண்டு தூர் டி பிரான்சு பந்தயத்தில் வென்றவரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது.

பாசா பாயிசு: நாட்டின் தென்பகுதியில் மசாமே, பெதாரியே ஆகிய ஊர்களை இணைக்கும் ஏறத்தாழ 80 கி.மீ நீள வழி. மலைப்பகுதியில் அமைந்திருந்தும் தொடர்வண்டித் தடம் என்பதால் எளிதாகச் செல்லக்கூடியது.

பசுமைப் பெருவழி: இலண்டன், பாரிசு நகரங்களை இணைக்கும் நெடுவழி, 2012 இல் திறக்கப்பட்டது. இதன் நோர்மாண்டிப் பகுதியில், தியேப் நகருக்கு அருகிலிருந்து போர்ச்-லே-சோ வரையிலான பகுதி பழைய தொடர்வண்டித் தடத்தில் அமைந்த பசுமை வழியாகும்.

லுவார் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 900 கி.மீ செல்லும் லுவார் ஆ வெலோ பரவலாக அறியப்பட்டது. ஆயினும் அது மிதிவண்டி நெடுவழியே. அதன் பல பகுதிகள் வெள்ளத் தடுப்புக் கரைகளின் மீதும் வாகனங்கள் குறைந்த சிறு சாலைகளிலும் செல்கின்றன.

பயணிகளுக்கான வசதிகள்

பழைய நிலையக் கட்டடங்களும் நீர்ப்பூட்டுக் காவலர் வீடுகளும் சில இடங்களில் உணவகம், தங்குமிடம், மிதிவண்டி வாடகை நிலையம் ஆகியனவாக மாற்றப்பட்டுள்ளன. வழியிலிருந்து 5 கி.மீ தொலைவுக்குள் அமைந்து, மிதிவண்டியைப் பூட்டி வைக்கும் இடம், பழுதுபார்க்கும் கருவிகள் முதலியவற்றை அளிக்கும் விடுதிகளுக்கு "அக்கேய் வெலோ" (மிதிவண்டி வரவேற்பு) என்னும் தரக்குறி வழங்கப்படுகிறது. வட்டாரத் தொடர்வண்டிகள் பலவற்றில் மிதிவண்டியை ஏற்றிச் செல்லலாம். அதிவேகத் தொடர்வண்டிகளில் கட்டுப்பாடுகள் மிகுதி. சிற்றூர்களில் கடைகள் நண்பகலிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மூடப்படுவது வழக்கமாதலால், நீரும் உணவும் முன்னரே எடுத்துச் செல்வது நல்லது.

சிக்கல்கள்

பசுமை வழிகளில் வாகனங்கள் இல்லையெனினும், அவை சாலைகளைக் குறுக்காகக் கடக்கும் இடங்களில் இடர் உள்ளது. இத்தகைய சந்திப்புகள் பலவற்றில் சாலை வாகனங்களுக்கே முன்னுரிமை அளிக்கப்படுகிறது. நெடுநேரம் அச்சமின்றி வந்த பயணி, சிறப்பாகச் சிறுவர்கள், அங்கு கவனம் தவறக்கூடும். மோட்டார் வாகனங்கள் நுழையாதவாறு வைக்கப்படும் குறுகிய தடுப்புகள், இழுவண்டி பூட்டிய மிதிவண்டிகளுக்கும் மூன்றுசக்கர வண்டிகளுக்கும் இடையூறாகின்றன.

மிதிக் கால்வாயில் நிழல் தந்துவந்த ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்கள், 2006 இல் அங்கு கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் பாதிக்கப்பட்டு வருகின்றன. நோய்க்கு மருந்து இல்லாமையால் பல்லாயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டு, வேறு மரங்கள் நடப்படுகின்றன. முன்பு நிழலில் சென்ற பாதை, சில பகுதிகளில் கோடை வெயிலில் திறந்து கிடக்கிறது.

தொடர்வண்டித் தடங்களைப் பசுமை வழிகளாக மாற்றுவது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. தொடர்வண்டிச் சேவையை மீட்க விரும்புவோர், பாதை அமைந்துவிட்டால் இனித் தொடர்வண்டி வராது என அஞ்சுகின்றனர். நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டுப் பாலங்கள் இடிக்கப்படுவதை விட, மிதிவண்டிப் பாதையாகவேனும் தடம் தொடர்ச்சியாகப் பேணப்படுவது நன்று என்பது மறுதரப்பின் வாதம். சில இடங்களில் நிலத்தின் உரிமையை மாற்றாமல், பராமரிப்பை மட்டும் உடன்படிக்கையின் மூலம் உள்ளூர் நிர்வாகத்திடம் ஒப்படைக்கும் முறை பின்பற்றப்படுகிறது. அத்தகைய இடங்களில் பிற்காலத்தில் தேவை ஏற்பட்டால் தண்டவாளம் மீண்டும் இடப்படும் வாய்ப்பு எஞ்சியிருக்கிறது.