குடியிருப்பும் சட்டமும்: பம்பாய் தரும் படிப்பினை

பிழைப்பின் பொருட்டு அயல் மாநிலம் செல்லும் நாம் முதலில் தேடுவது வேலை. அடுத்துத் தேடுவது தலை சாய்க்க ஓர் இடம். வேலை கிடைத்தும் இடம் கிடைக்காதார் பலர். இக்குறையைச் சட்டத்தினால் தீர்க்கக் கூடுமா? இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரத்தின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது. தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியேறிய நகரம் அது. ஆதலின் அவ்வரலாற்றில் நமக்கும் பங்குண்டு.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் கண்டது. நெருக்கமான, காற்றோட்டமற்ற வீடுகளே நோயை வளர்க்கின்றன என்று கருதிய அரசாங்கம், 1898-இல் சட்டம் இயற்றி நகர அபிவிருத்தி டிரஸ்டு ஒன்றை நிறுவிற்று. இருண்ட சந்துகள் இடிக்கப்பட்டன. அகன்ற சாலைகள் போடப்பட்டன. தாதர், மாதுங்கா ஆகிய பகுதிகளில் மனைகள் வகுக்கப்பட்டன. பிற்காலத்தில் நடுத்தரத் தமிழ்க் குடும்பங்கள் மாதுங்காவில் வேரூன்றியது இவ்வாறு அமைந்த நிலத்திலேதான். ஆயினும், இடிபட்ட வீடுகளில் வாழ்ந்த ஏழைகளுக்குப் போதிய மாற்றிடம் கிடைக்கவில்லை. அவர்களில் பலர் அண்டைச் சந்துகளில் முன்னிலும் நெருங்கி அடைந்தனர். வீட்டைக் கண்ட சட்டம், அதில் குடியிருந்த மனிதனைக் காணத் தவறியது.

முதல் உலகப் போரின்போது குடிக்கூலி ஏறவே, 1918-இல் அதனைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. 1920-இல், கவர்னர் ஸர் ஜார்ஜ் லாயிட் காலத்தில், தொழிலாளருக்கென 50,000 ஒற்றை அறைக் குடியிருப்புகள் கட்டத் திட்டமிடப்பட்டது. வொர்லி, நாய்காம், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 கட்டடங்கள் எழுந்ததோடு, ஏறத்தாழ 16,000 அறைகளில் அம்முயற்சி நின்றுவிட்டது.

பின்னர் வந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம், குடிக்கூலியை 1940 செப்டம்பர் முதல் தேதியன்று இருந்த அளவில் நிறுத்தியது. ஏற்கெனவே குடியிருந்தவருக்கு அது பெருந்துணை. ஆனால் வருவாய் குறைந்த வீட்டுக்காரர்கள் பழுது பார்ப்பதைக் கைவிட்டனர். புதிதாக வந்தவரோ ‘பகடி’ எனும் பெருந்தொகை கொடுத்தாலன்றி வீடு பெற இயலவில்லை. அத்தொகை இல்லாதவர்க்குக் குடிசையும் நடைபாதையுமே புகலிடமாயின.

1971-இல் மகாராஷ்டிர அரசு குடிசைப் பகுதிகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்து, குடியிருந்தோருக்கு அடையாள அட்டை வழங்கியது. சிறிய அட்டைதான், ஆனால் மனிதனை அரசாங்கம் கண்டுகொண்டது என்பதற்கு அதுவே சான்று. அதன் மதிப்பு விரைவில் விளங்கிற்று.

1981 ஜூலையில், மழைக்காலத்தின் நடுவே, நடைபாதைவாசிகளை அகற்றிச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப் போவதாக முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே அறிவித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மனுதாரருள் ஒருவர், வறட்சியால் வேலையிழந்து 1961-இல் சேலத்திலிருந்து வந்த நிலமற்ற உழவுத் தொழிலாளி. 1985 ஜூலை 10 அன்று, தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு, உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் நடைபாதையில் குடியிருக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்றும் கூறியது. 1976-ஆம் ஆண்டு அட்டை பெற்றவர்க்கு மாற்றிடம் தரவேண்டும் என்றது. எனினும், அதைத் தந்த பிறகே அகற்றலாம் என்று நிபந்தனை விதிக்கவில்லை.

நீதிமன்றம் விட்ட அவ்விடைவெளியை நிரப்ப வேண்டியது சட்டமன்றமே. நமது அரசியலமைப்பில் நிலம் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. மாநிலம் மனம் வைத்தால் இயலும் என்பதற்கு ஒடிசா ஓர் எடுத்துக்காட்டு. 2017-இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், நகரக் குடிசைவாசிகளுக்குத் தாம் வாழும் மனையில் உரிமை வழங்கியது. அவ்வுரிமை பிள்ளைகளுக்குச் சேரும், விற்க இயலாது, மணமானவர்க்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்துக்கு மேற்பட்டவர். இவர்களுக்காக ஒவ்வொரு மாநிலத்திலும் நாம் கோரத்தக்க சட்டம் மூன்று செய்திகளைத் தெளிவாகக் கூறவேண்டும். மாற்றிடம் தந்த பின்னரே ஒருவரை அகற்றலாம் என்பது ஒன்று. குறித்த ஒரு தேதிக்குப் பின் வந்தவர் என்பதற்காகவே எவரையும் கணக்கினின்று நீக்கலாகாது என்பது மற்றொன்று. புதிதாக வருபவர் தம் கூலிக்குள் கொடுக்கத்தக்க வாடகை அறைகளையும், ஏதுமற்றவருக்குத் தங்கும் விடுதிகளையும் அமைப்பது அரசின் கடமை என்பது மூன்றாவது.

இவற்றுள் முதலாவது 1898-இலும், மூன்றாவது 1947-இலும் பம்பாயில் விடுபட்டவை. 1976-க்குப் பின் வந்தவர் அட்டையின்றி நின்றது இரண்டாவது இல்லாமையால். ஆகவே, நாம் வாழும் நகரங்களில் மொழி வேறுபாடு கருதாது அண்டை வீட்டாருடன் கூடி, நம் சட்டமன்ற உறுப்பினரிடம் இக்கோரிக்கையை எடுத்துரைப்போமாக. நேற்று வந்த நமக்கும் நாளை வருவோர்க்கும் அது ஒருங்கே காப்பாகும்.