அம்மைப்பாலும் மக்கள் மனமும்

பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்தும் முறை இந்தியாவுக்கு வந்தபோது மக்கள் அதை ஏற்கத் தயங்கினர். அவர்களுடைய மூடநம்பிக்கையே அதற்குக் காரணம் என்று ஆங்கிலேய அதிகாரிகள் பலர் எழுதி வைத்தனர். நம்மவர்களிலும் பலர் அதை அப்படியே நம்பிவிட்டனர். நடந்தது அவ்வளவு எளிய கதையன்று.

எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் இம்முறையைச் செய்து காட்டியது 1796இல். 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. அதே ஆண்டில் அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. வெப்பத்தில் மருந்து கெட்டுவிடும் என்பதால், ஒரு குழந்தைக்குக் குத்தி, ஏறக்குறைய எட்டு நாள் கழித்து அதன் கைக் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினர். முன்பின் அறியாத வீட்டுப் பிள்ளையின் உடல் நீரைத் தன் பிள்ளையின் உடலில் ஏற்ற எந்தத் தாய்தான் மனம் ஒப்புவாள்? சாதி எண்ணமும் இதில் கலந்திருந்தது, அதை மறைப்பதற்கில்லை. குத்த வந்தவரோ அந்நிய அரசாங்கத்தின் ஆள்.

வைசூரி கண்ட வீட்டுக்கு நம் முன்னோர் ஓர் ஒழுங்கும் வைத்திருந்தனர். அம்மன் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகுவர். அடுப்பில் தாளிப்பு இராது. தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை வெளியார் உள்ளே வருவதில்லை. நோய் பரவாதிருக்க இதுவும் ஓரளவு துணை செய்திருக்கும்.

இந்த மனநிலையை நன்கு அறிந்தவர், திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரை. அம்மைப்பால் பசுவிடமிருந்து வந்த பொருள் என்று சொன்னால் ஏற்பார்கள் என எண்ணி, வடமொழியில் ஒரு சிறு பாடல் இயற்றினார். அதைப் பழைய தாளில் எழுதி, எங்கோ கிடைத்த தொன்மையான ஏடு என்று சொல்ல வைத்தனர். இச்செய்தியைப் பதிவு செய்தவர் ஜான் மால்கம். நோக்கம் நல்லதுதான், ஆனாலும் பொய் பொய்யே. பசு அம்மைப்பால் குத்தும் முறையைத் தன்வந்திரி அன்றே சொல்லிவிட்டார் என்று பெருமையோடு எழுதுவோர் பின்னாளில் பலர் தோன்றினர். பழைய ஆயுர்வேத நூல் எதிலும் அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இனி இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே 1853ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. மறுத்த பெற்றோருக்கு அபராதம், கட்டாதவருக்குச் சிறை. 1885இல், இன்று ஏராளமான இந்துக்கள் வாழும் லெஸ்டர் நகரில், பல்லாயிரக்கணக்கானோர் அச்சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போயினர். ஜென்னரின் உருவப் பொம்மையையும் விட்டு வைக்கவில்லை. மாரியம்மனை அறியாத மக்கள் அவர்கள். ஏழையின் வீட்டுக்குள் அரசாங்கம் நுழைவதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1898இல் மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் உரிமையை அவர்களுக்குச் சட்டமே வழங்கியது.

இந்தியாவில் 1970களில் நடந்த இறுதி முயற்சியில், வற்புறுத்திக் குத்திய இடங்களும் உண்டு. அதே சமயம் ஊழியர்கள் நோயாளியின் படத்தைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் சென்று விசாரித்தனர். நோய் கண்ட இடத்தைச் சொல்பவருக்கு வெகுமதி அறிவித்தனர். அது கடைசியில் 1,000 ரூபாய் வரை உயர்ந்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980இல், உலகெங்கும் அது ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.